வெயிலில் வைத்த ரவை

ஐயா,

இன்று காலை என் மருமகள் வாசலில் பழைய பேப்பரை விரித்து, ரவையைக் கொட்டிக் காய வைத்தாள். கடையில் வாங்கி ஒரு கிழமைதான் ஆகிறதாம், அதற்குள் வண்டு வைத்துவிட்டது. "மாமா, காக்கா வராம கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறி, சூடு பிடித்த ரவையின் வாசம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது. நான் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். காக்கா வந்து வயிறாரத் தின்றிருக்கிறது. "ஒரு வேலைக்கும் ஒதவ மாட்டீங்களே மாமா" என்று அவள் திட்டினாள். திட்டட்டும். ரவையையும் வெயிலையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அது தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போய்விட்டீர்கள்.

உங்களுக்கும் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு நீங்கள் கிளாக்கராக வந்தபோது, நான் அங்கே வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் ஆபிஸில் இருப்பவரை ஐயா என்பதுதான் தோட்டத்து வழக்கம். நான் ஐயா என்றேன். நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள், என்னை "நீர்" என்றீர்கள். "நீர் எப்ப வந்தனீர்?" என்று நீங்கள் கேட்டதை நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் போய்ச் சொன்னேன். "கிளாக்கரையா ஒன்னைய தண்ணிங்கிறாரு" என்று எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் லயத்தில் எனக்குத் தண்ணி என்றே பெயர். குடிப்பழக்கமே இல்லாத ஒருவனுக்கு அப்படி ஒரு பெயர்.

உங்கள் மேல் எனக்கு ஓர் எரிச்சலும் இருந்தது. எதற்கெடுத்தாலும் துண்டு எழுத வேண்டும். டயர் மாற்றத் துண்டு, போல்ட் வாங்கத் துண்டு, வேன் கழுவுகிற சோப்புக்கும் துண்டு. "இந்த மனுஷனுக்குக் கல்யாணமே துண்டு எழுதித்தான் நடந்திருக்கும்" என்று ஒரு நாள் ஆபிஸ் வாசலில் நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது, நீங்கள் பின்னால் வந்து நின்றீர்கள். "ஓம், ரெண்டு பிரதி" என்றீர்கள். முகத்தில் சிரிப்பே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

உங்களுக்குச் சிங்களம் வரவில்லை. ஆபிஸில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்று இருந்துவிட்டீர்கள். யட்டியாந்தோட்டை பஜாருக்குப் போனால் உங்களுக்காக நான்தான் பேசுவேன். மருந்துக் கடையில் உங்கள் மனைவியின் இருமலைச் சொன்னது நான். சப்பாத்துக் கடையில் உங்கள் மகளின் கால் அளவைச் சொன்னதும் நான். எங்களுக்கு அது கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. தோட்டத்தைச் சுற்றிவரச் சிங்களக் கிராமம், பேசாமல் பிழைக்க முடியாது. நீங்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்வீர்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பக்கம் குண்டு விழவில்லை. ஆனால் மெயின் ரோட்டில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு ஆமிக்காரர்கள் நின்றார்கள். நாங்கள் அடையாள அட்டையைக் காட்டி, நாலு வார்த்தை சிங்களத்தில் பேசினால் விட்டுவிடுவார்கள். உங்கள் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதனால் நீங்கள் தோட்டத்தை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டீர்கள். முடி வெட்டுகிறவரைக்கூட மேலே வரவழைத்துக்கொண்டீர்கள். நீங்களாக அந்த ரோட்டுக்கு இறங்கி வந்தது ஒரே ஒரு நாள்தான்.

அது மாசி மாதம். றப்பர் மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நின்றதால் நிழல் என்று எங்கேயும் இல்லை. கீழ் டிவிஷனில் காட்டுப் பன்றி இறங்கிப் புதுக் கன்றுகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்து மேனேஜரான எங்கள் தொரை பன்றி சுடுகிற துவக்கு அங்கே பங்களாவில் இருந்தது. அதற்கான தோட்டாக்களைத் தொரை பெர்மிட் எடுத்து வாங்கி, ஆபிஸ் இரும்புப் பெட்டியில் வைத்திருந்து கீழ் பங்களாவுக்கு அனுப்பச் சொல்லி உங்களிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். காலையில் நான் வேனை எடுக்க வந்தபோது நீங்கள் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். பேச்சை நிறுத்தாமலே பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பார்சலையும், ஒரு நீளக் கவரையும், ஒரு துண்டையும் ஜன்னல் வழியாக என் பக்கம் தள்ளி, போ என்று கையைக் காட்டினீர்கள். துண்டில் உங்கள் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது:

"தொரையின் ரவை, இரண்டு பெட்டி. கீழ் டிவிஷன் பங்களா குக்கிடம் கொடுத்து ஸ்டோரில் பூட்டச் சொல்லவும். வண்டியில் வெயில் படாமல் கொண்டு போகவும். கடிதம் கட்டாயம் கூட இருக்க வேண்டும்."

ஐயா, எங்களுக்கு ரவை என்றால் உப்புமா கிண்டுகிற ரவை. துவக்கில் போடுவது தோட்டா. உங்கள் ஊரில் இரண்டுக்கும் ரவைதான் என்று எனக்கு அன்று வரைக்கும் தெரியாது. ரேடியோச் செய்தியில் சொல்லியிருப்பார்கள், நான் செய்தி கேட்கிற ஆள் இல்லை. குக்கிடம் கொடு, ஸ்டோரில் பூட்டு என்று வேறு எழுதியிருந்தால் ஒருவன் என்ன நினைப்பான்? பங்களாவில் சீனி டப்பாவையே பூட்டித்தான் வைப்பார்கள்.

பார்சல் கனமாகத்தான் இருந்தது. நல்ல ரவை என்று நினைத்துக்கொண்டேன். வெயில் படக்கூடாது என்று எழுதியிருந்ததைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அடுப்படிப் பக்கமே போகாத மனுஷன், ரவையை வெயிலில் காட்டினால்தான் வண்டு போகும் என்பது கூடத் தெரியவில்லை. குக்குக்கு ஓர் உதவியாக இருக்கட்டும் என்று, பார்சலை டாஷ்போர்டின் மேல் கண்ணாடிக்கு நேராக வைத்தேன். கவரை ஆபிஸ் ஜன்னல் கட்டையிலேயே விட்டுவிட்டேன். ரவைக்கு ஒரு கடிதமா? துண்டுப் பைத்தியத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அந்தக் கவருக்குள்தான் பெர்மிட் இருந்தது.

முதலில் தொழிற்சாலைக்குப் போய்ச் சாமான் இறக்கிவிட்டு, பத்தரை மணிக்குத்தான் ரோட்டுக்கு இறங்கினேன். செக்பொயிண்டில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, எல்லாரும் புது ஆட்கள். ஒரு சிப்பாய் இடப் பக்கக் கண்ணாடி வழியே கையை விட்டுப் பார்சலைத் தொட்டு, இது என்ன என்று கேட்டான். "ருலங்" என்றேன். சிங்களத்தில் உப்புமா ரவைக்கு அதுதான் பெயர். அவன் பார்சலைத் தூக்கினான். சூடு தாங்காமல் கை மாற்றிப் பிடித்து, தாளின் மூலையைக் கிழித்தான். உள்ளே பெட்டியின் மூடி விலகி, பித்தளை வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவனும் நானும் ஒரே நேரத்தில்தான் பார்த்தோம். அவனை விட எனக்குத்தான் அதிர்ச்சி. அவன் அதை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினான்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே சத்தம். பின்னால் நின்ற பஸ்ஸையும் லொறியையும் தூரத்துக்கு விரட்டினார்கள். அவர்களுக்கு மேலே இருந்த கோப்ரல் மணல் மூட்டைக்குப் பின்னால் நின்று துவக்கை நீட்டிக்கொண்டு, கண்ணாடியை ஏற்று, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வை, அசைந்தால் சுடுவேன் என்றான். பார்சலுக்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது, நான் சாகத் துணிந்து வந்தவன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். டவுனிலிருந்து பெரிய அதிகாரி வரும் வரைக்கும் நான் உள்ளேயே இருக்க வேண்டும். கேள்வி கேட்டால் காதில் விழுவதற்காக என் பக்கக் கண்ணாடியை மட்டும் ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைக்க விட்டார்கள். "கிட்டப் போகாதே, இந்தச் சூட்டுக்கு வெடிக்கும்" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது அந்த இடைவெளி வழியாகத்தான் எனக்குக் கேட்டது.

அந்த வேனுக்கு எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில். நின்ற பிறகும் கீழேயிருந்து சூடு ஏறிக்கொண்டே இருக்கும். மேலே தகரக் கூரை. ரெக்சின் சீட் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஸ்டீயரிங் சுட்டது, கையை எடுக்க முடியாது. முன்னால், ஒரு கை தூரத்தில், கிழிந்த தாளுக்குள்ளிருந்து அந்தப் பித்தளை வட்டங்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவற்றை நானே அல்லவா அங்கே வெயிலில் வைத்தேன்? கீழே எடுத்து வைக்கக் கை நீட்டினால் அவர்கள் சுடுவார்கள். விட்டால் இது சுடும். தகரம் சூட்டில் டிக் என்று சத்தம் போடும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அப்போது கல்யாணமாகி நாலு வருடம், மகனுக்கு இரண்டு வயது. அவன் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், முகம் வரவில்லை. அதற்காகத்தான் அழுதேன். ஒரு கட்டத்தில் சீட்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. வெளியே நின்றவர்களுக்கும் பயம்தான், அது தெரிந்தது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஓட இடம் இருந்தது.

உங்களைத் திட்டினேன் ஐயா. மனதுக்குள் எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையாலும் திட்டினேன். வேண்டுமென்றே என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான், தான் பிடிபடாமல் இருக்க என்னை மாட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வளைவில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது.

ஜன்னல் கட்டையில் கவரைப் பார்த்துவிட்டு, தோட்டத்து லொறியில் ரோட்டு வரைக்கும் வந்து, மீதியை நடந்து வந்திருக்கிறீர்கள். குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, கவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்ததும் கோப்ரலின் குரல் மாறியது. நீங்கள் இங்கிலீஷில் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. அவன் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் அவனே என்னைக் காட்டி, இவனைச் சொல்லச் சொல் என்றான்.

வேனிலிருந்து பத்தடி தள்ளி நின்று நீங்கள் பேசினீர்கள்.

"பயப்பிடாதையும். உது வெடியாது. தொரையின்ர துவக்கு ரவை, பெர்மிட் இருக்கெண்டு சொல்லும்."

சொன்னேன். வெயிலில் கிடந்து கொதிக்கிறது, வெடிக்காது என்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று கோப்ரல் கேட்டான். அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஏதோ நீளமாகப் பதில் சொன்னீர்கள். பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்த சத்தத்தில், அந்த ஒரு விரல் இடைவெளி வழியாக எனக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. "படிச்சனான்" என்றீர்கள்.

தமிழில் பேப்பர் படிப்பதும் படிப்புத்தான், பள்ளிக்கூடத்தில் படிப்பதும் படிப்புத்தான். சிங்களத்தில் அப்படி இல்லை. வாசிப்பதற்கு ஒரு சொல், கற்றுக்கொள்வதற்கு வேறொரு சொல். எனக்கு வாயில் வந்தது இரண்டாவது சொல். "இகென கத்தாலு" என்றேன். கற்றுக்கொண்டாராம்.

கோப்ரல் உங்களை மேலும் கீழும் பார்த்தான். நான் அதைக் கவனித்தேன், ஆனால் என் உயிர் அப்போது டாஷ்போர்டின் மேல் இருந்தது.

"நம்பாட்டி, நான் உள்ள போய் இருக்கிறன் எண்டு சொல்லும்" என்றீர்கள். சொன்னேன். சந்தேகப்பட்ட இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பது அவனுக்கும் வசதியாக இருந்திருக்கும், தலையாட்டினான். நீங்கள் இடப் பக்கக் கதவைத் திறந்து ஏறி, கதவைச் சாத்திவிட்டு, முதல் வேலையாக அந்தப் பார்சலை டாஷ்போர்டிலிருந்து எடுத்து உங்கள் காலடி நிழலில் வைத்தீர்கள். யாரும் சுடவில்லை. எனக்கு மூச்சு வந்தது. சீட் நனைந்திருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துடைத்துக்கொள்ள உங்கள் கைலேஞ்சியை என் பக்கம் நீட்டினீர்கள்.

"ஏன் காணும் வெயிலில வச்சனீர்? வடிவா எழுதினனானே."

"வண்டு போகட்டும்னு வச்சேங்க ஐயா."

"என்ன வண்டு?"

"ரவைன்னு எழுதியிருந்தீங்களே. நான் உப்புமா ரவைன்னு நெனச்சிட்டேங்க."

நீங்கள் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "துவக்கெண்டு எழுதினா வேற ஆரும் பாத்துப் பயப்பிடுவினம் எண்டு அந்தச் சொல்லை விட்டனான். அதுதான் பிழைச்சுப் போச்சு" என்றீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. துவக்கு முனையில், மூத்திர வாடையோடு, இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நாளில் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே நல்ல விஷயம் அதுதான்.

அதிகாரி வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. என் நடுக்கம் அடங்கட்டும் என்றோ என்னவோ, நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். இது வெடிக்க இந்த வெக்கை காணாது என்றீர்கள். வண்டி தீப்பிடித்தால் வேறு கதை, வெயிலுக்கு மட்டும் தோட்டா தானாக வெடிக்காது. "ஆனா நெடுக வெயிலில கிடந்தா உள்ள இருக்கிற மருந்து பழுதாப் போம். பிறகு சுடேக்கை சுடாது, இல்லாட்டிப் பிந்திச் சுடும். பண்டி பாஞ்சு வரேக்கை துவக்கு சுடாட்டித் தொரையின்ர கதி என்ன?" போன தடவை ஒரு பெட்டி ஜீப்பிலேயே மாதக் கணக்கில் கிடந்து அப்படித்தான் கெட்டுப்போனதாம். அதனால்தான் இந்தத் தடவை வெயில் படக்கூடாது என்று எழுதினீர்களாம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வண்டியில் வைத்தால் எவனாவது எடுத்துக்கொண்டும் போய்விடுவான் என்றீர்கள்.

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள ஒரு துண்டு வச்சிருக்கிறாங்கள். அதிலதான் படிச்சனான். அவனுக்கும் அதைத்தானே சொன்னனான்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று. அந்த நிமிடமே கண்ணாடி இடைவெளி வழியாகக் கோப்ரலைக் கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். அதிகாரி வரட்டும், அவரிடம் சொல்வோம் என்று நினைத்தேன்.

அதிகாரி வந்தார், பெர்மிட்டைப் பார்த்தார், பெட்டி இரண்டையும் எண்ணிச் சரி என்றார். ஆனாலும் இரண்டு பேரையும் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். கொழும்பில் தொரையைப் பிடிக்க முடியவில்லை. எந்த ஊர்ப் பொலிஸ் என்று எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். பெரிய மேசைக்கு முன்னால் உங்களையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அமைதியாகப் பேசுகிற மனிதர். கோப்ரல் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"இவர் வெடிமருந்து பற்றிக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறது. இவர் என்ன சொன்னார்? கற்றேன் என்றா, வாசித்தேன் என்றா?"

பாருங்கள் ஐயா, அவரே இரண்டு சொல்லையும் எடுத்து என் முன்னால் வைத்தார். அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. நான் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும்.

ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் வேறொன்றும் சொன்னார். "நீ முதலில் இது ருலங் என்றாய். யோசித்துச் சொல். இன்னொரு தடவை மாற்றிச் சொன்னால் நீயும் இங்கேதான்" என்றார்.

எனக்கு அந்த வேன் ஞாபகம் வந்தது. கதவு சாத்திய ஒரு இடத்துக்குள் இன்னொரு தடவை இருக்க என்னால் முடியாது என்று மட்டும்தான் தோன்றியது. நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அவர் சொன்னதைத்தான் சொன்னேன் சேர். கற்றுக்கொண்டதாகத்தான் சொன்னார்" என்றேன்.

அவர் எழுதினார். நீங்கள் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"என்ன கேக்கினம்?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. பேரும் விலாசமும்தான்" என்றேன்.

என்னை மாலையில் விட்டுவிட்டார்கள். உங்களை விடவில்லை. நான் வெளியே வரும்போது, "வீட்டில சொல்லிவிடும், வாற கிழமைக்கிடையில வந்திடுவன்" என்றீர்கள். நான் போய் உங்கள் மனைவியிடம் அப்படியே சொன்னேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

மூன்றாம் நாள் தொரை வந்து நேரே பொலிஸுக்குப் போனார். அதற்குள் உங்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தொரை திரும்பி வந்து வேனில் ஏறி, "பெர்மிட் எல்லாம் சரி. ஆனா அந்த மனுஷன் வெடிமருந்து டிரெயினிங் எடுத்ததாத் தானே சொல்லியிருக்காராம், ஃபைல்ல இருக்கு. ஏன் அப்படிச் சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டார். எழுதி எழுதி, கற்றது பயிற்சியாக மாறியிருந்தது. "தெரியாதுங்க தொரை" என்றேன். இரண்டாம் தடவையும் வாய்ப்பு வந்தது, இரண்டாம் தடவையும் விட்டேன்.

ஒன்றரை வருடம் ஐயா. நான் ஒவ்வொரு மாதமும் உங்கள் வீட்டுக்கு அரிசியும் விறகும் கொண்டுபோய் இறக்கினேன். தோட்டமே என்னைப் பாராட்டியது. உங்கள் மனைவி, கூடப் பிறந்தவன் மாதிரி பார்த்துக்கொள்கிறீர்கள் என்றார். அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது எனக்கு மூச்சு முட்டும். போகாமலும் இருக்க முடியாது, போனால் வாயைத் திறக்கவும் முடியாது. வேனிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள் என்று ஊர் நினைத்தது. நான் இன்னும் இறங்கவில்லை.

நீங்கள் வந்தீர்கள். பாதி ஆளாக, ஒரு காது கேட்காமல் வந்தீர்கள். தோட்டத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வெள்ளவத்தைக்குப் போகிற அன்று, நான்தான் உங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். முந்தின நாள் முழுக்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். நீங்கள் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள்.

"அண்டைக்கு நீர் இருந்தபடியால்தான் நான் தப்பினனான். நான் சொன்னதை நீர் அவங்களுக்குச் சொல்லியிராட்டி, கிட்ட வரேக்கையே சுட்டிருப்பாங்கள். நன்றி" என்றீர்கள்.

"போயிட்டு வாங்க ஐயா" என்றேன். உங்கள் நன்றி எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் தலையைக் குனிந்துகொண்டதை நீங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்ததும், ஆஸ்பத்திரியிலேயே முடிந்ததும் எனக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரிய வந்தது. உங்கள் மகள் கடிதம் எழுதியிருந்தாள். இப்போது அவள் டீச்சராம். கையெழுத்து உங்களுடையது மாதிரியே அழகாக இருக்கிறது. உங்கள் ஊர் வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்களாம். "அப்பா கடைசி வரைக்கும் உங்களைப் பற்றித்தான் சொல்லுவார், மாமா. அந்த வேனுக்குள் நடந்ததை உங்கள் கையால் நாலு வரி எழுதித் தாருங்கள். அப்பாவின்ர உயிரைக் காப்பாற்றினவர் எண்டு உங்கட பெயரைப் போட வேணும்" என்று எழுதியிருந்தாள்.

எழுத உட்கார்ந்தேன். நீங்கள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததை மட்டும் எழுதினால் அது உண்மைதான், ஆனால் மேசைக்கு முன்னால் நான் சொன்னது போன்ற உண்மை. மற்றதை எழுதினால், அவளுக்கு அப்பா விட்டுப்போன ஒரு நல்ல கதையும் போய்விடும். எட்டு வயதில் வாசலில் நின்றவளிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சொல்லாமல் இருக்கத்தான் என்ன உரிமை? மூன்று தாளைக் கிழித்தேன். நாலாவது தாளில் ஒரு வரி எழுதினேன்.

"மகள், அன்றைக்கு உங்கள் அப்பா சொன்ன ஒரு சொல்லை நான் மாற்றிச் சொன்னேன், தெரிந்த பிறகும் திருத்தவில்லை."

அதற்கு மேல் எழுதவில்லை, தபாலிலும் போடவில்லை. முப்பத்தோராம் நாள் போன வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது, துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றிக்கொள்கிறேன்.